ரீவிப் பிள்ளைக்கு மோட்ச அர்ச்சனை

அந்தப் பிள்ளையைக் கொன்ற அன்று எங்கள் வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. அவித்த பிட்டு குசினியில் மூடினபடியே ஆறிப்போனது. "வயித்துக்கை இறங்காது மோனை" என்று அம்மா கதிரையை விட்டு எழும்பவேயில்லை. பக்கத்து வீட்டு மாமிக்குச் சீலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து மூக்கே சிவந்துபோனது. கனடாவில் இருக்கிற அண்ணை வேலைக்குப் போகிற வழியில் பார்த்திருக்க வேண்டும். குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் அவருடைய குரல் வந்து விழுந்தது. "உவனெல்லாம் ஒரு தேப்பனே? நடுறோட்டிலை கட்டி வைச்சு அடிக்கோணும்."

செத்தவள் எங்களுக்குச் சொந்தமுமில்லை, அயலுமில்லை. இந்தியாவில் எடுத்த ஒரு தொடர் நாடகத்தில் வருகிறவள். வேறு சாதிப் பெடியனை விரும்பிக் கட்டினாள் என்று பெற்ற தகப்பனே ஆள் வைத்து அவளை ஆற்றில் தள்ளிவிட்டான். அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நாங்கள் பார்த்து வருகிறோம். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா கொத்தமல்லி அவிக்காத குறைதான்.

நான் வீட்டிலிருந்து சாறிச் சட்டை தைக்கிறவள். யாழ்ப்பாணத்து இணுவிலில் எனக்குச் சீதனமாகத் தந்த வீடு இது. அப்பா போனபிறகு அம்மாவும் கலியாணமாகாத என் தங்கச்சியும் என்னோடுதான் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தால் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்வார். தையல் மெசின் ஹோலில், ரீவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் நாடகம் போகிற நேரமாய்ப் பார்த்துத்தான் ஊர்ப் பெண்கள் அளவு கொடுக்க வருவார்கள். கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினபடியே ரீவியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்படி அளவெடுத்த சட்டைகள் எல்லாம் கமக்கட்டில் இறுக்கமாய்ப் போய், பேச்சு வாங்கினது நான்.

சும்மா சொல்லக்கூடாது, எல்லாரும் அந்தப் பிள்ளையின் பக்கம்தான். ஆனால் ஒரு விசயம் மட்டும் அவர்களை நித்திரை கொள்ள விடவில்லை. பெடியன் என்ன சாதி என்று நாடகத்தில் ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

"அந்தப் பெடியன் என்ன ஆக்களாம்?" என்று மாமி கேட்பார்.

"சொல்லேல்லை."

"சொல்லாட்டி எங்களுக்குத் தெரியாதே? பாத்தா நல்ல ஆக்கள் மாதிரித்தான் கிடக்கு."

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பெடியனின் தாய் பெண் வீட்டுக்கு வந்தபோது உள்ளே வந்து இருக்கவில்லை, வாசலில் நின்றே கதைத்தாள் என்று அவர் கவனித்திருந்தார். "அப்ப அதுதான்" என்றார். "ஓ, அதுவோ" என்று மாமியும் தலையாட்டினார். எது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்தச் சொல்லை மட்டும் எங்கள் வீட்டில் ஒருவரும் வாயால் சொல்வதில்லை. அது எங்களுடைய பண்பாம்.

கடைசியில் இரண்டு பேரும் ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள். "எண்டாலும் இந்தியாக்காரர் பொல்லாதவங்கள். எங்கடை ஊரிலை உப்பிடி வெட்டு, கொத்து இல்லை." அதைச் சொல்லும்போது இரண்டு பேரின் முகத்திலும் ஒரு திருப்தி வரும். நானும் அதைக் கேட்டுக்கொண்டு நூல் கோத்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஹோலில் நாடகத்தைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் என் தங்கச்சி. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அதே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற ஒருவரை அவளுக்குப் பிடித்திருந்தது. அச்சுவேலிப் பக்கத்துக்காரர். எங்கள் ஆக்கள் இல்லை. அது எனக்கு மட்டும் தெரியும். அவரைக் கட்ட வேண்டும், அம்மாவையும் இழக்கக் கூடாது, இவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதனால் அம்மா அந்தப் பெண்ணுக்காக எந்த இடத்தில் இரங்குகிறார், எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார் என்று நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிற தோட்டக்காரனைப் போல.

பிள்ளையைக் கொன்ற கிழமையே அம்மா கோயிலுக்குப் புறப்பட்டார். எங்களுக்கு விளங்கவில்லை. நானும் தங்கச்சியும் கூடப் போனோம், மாமியும் வந்தார். ஐயரிடம் அம்மா அர்ச்சனைத் தட்டைக் கொடுத்து, "மோட்ச அர்ச்சனை ஐயா, விளக்கும் ஒண்டு ஏத்தோணும்" என்றார். செத்தவர்களின் ஆத்மா நல்லபடி போய்ச் சேர வேண்டும் என்று செய்கிற அர்ச்சனை அது.

ஐயர் பெயர் கேட்டார். அம்மா அந்த நாடகப் பெண்ணின் பெயரைச் சொன்னார். நட்சத்திரம் கேட்டார். அம்மா திகைத்துப்போய் நின்றார்.

"ரோகிணி" என்றார் மாமி பின்னாலிருந்து. "பொருத்தம் பாக்கேக்கை சொன்னவை."

"ஆர், சொந்தமோ?" என்று ஐயர் கேட்டார்.

"என்ரை பிள்ளை மாதிரி ஐயா" என்றார் அம்மா.

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. சேர்ந்து சிரிக்கலாம் என்று தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கண் நிறைந்து போய் நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மெசினுக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள். "அக்கா, நான் அம்மாட்டைச் சொல்லப்போறன்."

"பேய்க்கதை கதையாதை."

"நீங்கள் கேட்டனீங்கள்தானே? என்ரை பிள்ளை மாதிரி எண்டு சொன்னா."

"அது ரீவிக்குள்ளை இருக்கிற பிள்ளையடி. அவள் கலியாணம் கட்டினா, இஞ்சை ஒருத்தரும் அவளின்ரை புகுந்த வீட்டிலை போய்ச் சாப்பிடத் தேவையில்லை. அம்மா அழுகிறா எண்டு நம்பிக் காலை வையாதை."

"ஊராற்றை பிள்ளைக்கு அழுகிற மனிசி பெத்த பிள்ளைக்கு இரங்கமாட்டாவே?"

அவள் கேட்டது நியாயம். எந்த ஊரிலும் அது நியாயம்தான். பொறு, அண்ணையிடம் முதலில் கதைப்போம், என்ரை மனிசனைக் கொண்டு கதைப்பிப்போம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு என் சொல் எடுபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் சொன்னாள். அம்மா சுளகை மடியில் வைத்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். நான் மெசினில் இருந்தேன்.

"அம்மா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு."

அம்மா கோபிக்கவில்லை. உண்மையில் முகம் மலர்ந்தது. எத்தனை சம்பந்தம் பேசிச் சரிவராமல் போன பிள்ளை. "ஆர்? படிப்பிக்கிறவரோ?"

"ஓம். கணக்கு வாத்தியார்."

"எவ்விடம்?"

"அச்சுவேலி."

"அச்சுவேலியிலை எவ்விடம்?"

தங்கச்சி அவர் வீட்டு ஒழுங்கையின் பெயரைச் சொன்னாள். அம்மாவின் கை மெதுவாகியது.

"எந்தக் கோயிலடி?"

அதையும் சொன்னாள். எங்கள் ஊரில் ஒரு மனிதரை அளந்து முடிக்க இந்தக் கேள்விகளே காணும், வேறொன்றும் தேவையில்லை. என்ரை அளவு நாடா கூட இவ்வளவு வடிவாய் அளக்காது.

அம்மா சுளகைத் தள்ளி வைத்தார். இலை ஒன்றும் சிந்தவில்லை. எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். கட்டியிருந்த சீலையோடு நின்று தலையில் தண்ணீர் வார்க்கத் தொடங்கினார். சொந்தத்தில் செத்தவீடு என்று சொல்லி வந்தால் அப்படித்தான் குளிப்போம். வாளி வாளியாய் வார்த்தார். நான் ஓடிப்போய் என்ன சொன்னேன் தெரியுமா? "அம்மா, தடிமன் பிடிக்கப்போகுது" என்றேன்.

ஈரச்சீலையோடு வந்து என் முன்னால் நின்றார். "எனக்கு ரெண்டு பிள்ளையள் மோனை. ஒண்டு கனடாவிலை. மற்றது நீ."

சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். சண்டை பிடித்திருந்தால் எங்கேயாவது ஒரு இடத்தில் அவரைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். அவர் அமைதியாய்ச் சொல்லிவிட்டு, உடுப்பு மாற்றிக்கொண்டு, மிச்ச முருங்கையிலையை உருவ இருந்துவிட்டார். தங்கச்சி அதே இடத்தில் நின்றாள். அவள் நிற்கிறாள் என்பதே அம்மாவின் கண்ணில் தெரியவில்லை.

அன்று பின்னேரம் நாடகத்துக்கு அம்மா தலைமயிர் காயாமலே வந்து இருந்தார். செத்த பிள்ளையின் தாய் தன் புருசன்மேல் வழக்குப் போடப் பொலிசுக்குப் போகிற காட்சி. "நல்ல வேலை. பெத்த வயிறெல்லோ எரியும்" என்றார் அம்மா. பிறகு அந்தத் தகப்பன் வந்தான். "பெத்த பிள்ளையைத் தொலைக்க எப்பிடி மனம் வந்துது, கட்டையிலை போவானுக்கு" என்று கண்ணைத் துடைத்தார். தங்கச்சி அறைக்குள் இருந்தாள். கதவு சாத்தியிருக்கவில்லை. அவளுக்கு அது கேட்கக் கூடாது என்று நான் துணியே வைக்காமல் மெசினை ஓட்டினேன். "சத்தம் போடாதை பிள்ளை, ஒண்டும் கேக்கேல்லை" என்றார் அம்மா.

அண்ணைக்குப் போன் எடுத்தேன். நடுறோட்டில் கட்டி வைத்து அடிக்கச் சொன்ன அண்ணை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "இஞ்சை பார், நாங்கள் என்ன கொலையோ செய்யிறம்? அவள் விரும்பினதைச் செய்யட்டும். ஆரும் தடுக்கேல்லை. ஆனா எங்களை வரச்சொல்லிக் கேக்காதையுங்கோ. எனக்கும் பிள்ளையள் இருக்கு." கனடாவில் பிறந்து, தமிழில் பெயர் சொல்லத் தெரியாத பிள்ளைகள். அவர்களுக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்டேன். "உனக்கு விளங்காது" என்றார்.

மாமி, "பாவம் பிள்ளை" என்றார். பிறகு, "எண்டாலும் பெத்தவளையும் யோசிக்கோணும்" என்றார். என் வீட்டுக்காரர், "எனக்கு ஒண்டுமில்லையப்பா, உன்ரை அம்மாவோடை ஆர் கதைக்கிறது" என்றார். ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆரைப் பிடித்துத் திட்டுவது? எல்லாருமே அந்த ரீவித் தகப்பனைத் திட்டுகிறவர்கள்தான்.

சாவகச்சேரியில் பதிவுக் கலியாணம். சட்டையை நான்தான் தைத்தேன், அம்மா கோயிலுக்குப் போகிற நேரங்களில். சாட்சிக் கையெழுத்தும் நான் போட்டேன். பிறகு அச்சுவேலிக்கு ஓட்டோவில் போனோம். மாப்பிள்ளையின் தாய் என்னை இருக்கச் சொல்லிவிட்டு ஒரு சோடாப் போத்திலோடு வந்தார். மூடியை என் பக்கம் காட்டிப் பிடித்தபடி, "கடையிலை வாங்கினது பிள்ளை, இன்னும் திறக்கேல்லை" என்றார். அவர் கை படாதது என்று எனக்குச் சொல்கிறார். எங்கள் ஆக்கள் அங்கே போனால் மூடி திறக்காத சோடா மட்டும்தான் குடிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்குக் கூச்சத்தில் காது சுட்டது. "தேத்தண்ணி தாங்கோ அம்மா" என்றேன். அவர் மகனைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். வந்த தேத்தண்ணியில் சீனி கூடிப்போயிருந்தது. குடித்து முடிக்கும்வரை தங்கச்சி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா படலையடியில் நின்றார். கலியாணம் எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. "குடிச்சனியோ?" என்றார்.

"ஓம்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அம்மா என் கையால் ஊற்றின தேத்தண்ணியைத் தொடுவதில்லை. தானே அடுப்பு மூட்டித் தானே ஊற்றிக் குடிக்கிறார். மாமியும் நாடகத்துக்கு வருவார், இருப்பார், அழுவார். கோப்பையை நீட்டினால், "இப்பத்தான் குடிச்சிட்டு வாறன் பிள்ளை" என்பார். அளவு கொடுக்க வருகிற பெண்களும் அப்படித்தான். எல்லாரும் வீட்டில் குடித்துவிட்டே வருகிறார்கள். என் வீட்டில், எனக்குத் தந்த வீட்டில், தேத்தண்ணி ஊற்றுகிறதும் நான், குடிக்கிறதும் நான். வெட்டு இல்லை, கொத்து இல்லை.

நாடகம் மட்டும் நிற்கவில்லை. அது நிற்கிற நாடகமா? வழக்கு இழுபட்டது. சித்தப்பன் ஒருவன் புதிதாய் வந்தான். பெடியன் தாடி வளர்த்தான். திடீரென்று ஒரு நாள், ஆற்றில் தள்ளின பிள்ளை உயிரோடு வந்து நின்றாள். வலை வீசினவர்கள் தூக்கிக் காப்பாற்றினார்களாம், பழசெல்லாம் மறந்து எங்கேயோ ஒரு ஊரில் இருந்தாளாம்.

அம்மா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "என்ரை அம்மாளாச்சி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மாமி கைதட்டினார். குறூப்பில் அண்ணையின் குரல் வந்தது. "நான் அப்பவே நினைச்சனான், பிரேதம் காட்டேல்லை எண்டு." அன்று அம்மா பாயாசம் காய்ச்சினார். எனக்கும் ஒரு கோப்பை வைத்தார்.

விடிய எழும்பிப் பார்த்தால் அம்மாவின் முகம் வாடியிருந்தது. நித்திரையே இல்லையாம். "உயிரோடை இருக்கிற பிள்ளைக்கெல்லோ மோட்ச அர்ச்சனை செய்துபோட்டன். உது எவ்வளவு பாவம். அந்தப் பிள்ளைக்கு ஒண்டு கிடக்க ஒண்டு வந்தா? வா மோனை, ஐயரிட்டைப் போவம்."

சந்தர்ப்பம் பார்த்திருந்தவள் நான். ஒழுங்கையில் நடக்கும்போது கேட்டேன். "உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு நீங்கள் தலைமுழுகினது பாவமில்லையோ அம்மா?"

"அது வேறை" என்றார். நடையில் ஒரு மாற்றமும் இல்லை.

ஐயர் எல்லாவற்றையும் பொறுமையாய்க் கேட்டார். நாடகம் என்று இப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டார். "பயப்பிடாதையுங்கோ, ஆயுள் கூடோணும் எண்டு ஒரு அர்ச்சனை செய்தாக் காணும்" என்று தட்டை வாங்கிப் பெயர் கேட்டார். அம்மா சொன்னார். ரோகிணி என்று நட்சத்திரமும் சொன்னார், இந்த முறை தடக்கவில்லை.

"ஐயா, இன்னும் ஒரு பேர்" என்று நான் முந்திக்கொண்டு தங்கச்சியின் பெயரைச் சொன்னேன். "பூச நட்சத்திரம்."

ஐயர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. "வேண்டாம் ஐயா. ஒரு பேர் காணும்."

தட்டு அம்மாவின் தட்டு. ஐயர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே போனார். மணி அடித்தது. அம்மா கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார், கன்னத்தால் கண்ணீர் ஓடியது. அவ்வளவு உருகி அவர் கும்பிட்டு நான் கண்டதில்லை. பக்கத்தில் நின்று எனக்கு அவரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஐயர் திருநீறு தந்தார், பூசினேன்.

பின்னேரம் தங்கச்சி போன் எடுத்தாள். அம்மா கிணற்றடிக்குப் போகிற நேரம் பார்த்துத்தான் எடுப்பாள்.

"அக்கா, நேற்று நாடகம் பாத்தனீங்களே? அந்தப் பிள்ளை சாகேல்லை."

"நீயும் உந்தக் கோதாரியைப் பாக்கிறனியோ?"

"ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். அந்த நேரம் அம்மாவும் பாத்துக்கொண்டு இருப்பா எல்லே. அதுக்குத்தான்."

நான் போனோடு மெசினடியில் போய் இருந்தேன்.

"அம்மா அழுதாவோ?"

"ஓம்."

"சந்தோசத்திலையோ?"

"ஓம். பாயாசம் காய்ச்சினவ. இண்டைக்குக் கோயிலுக்கும் போய் அர்ச்சனை செய்தவ."



"ஆருக்கு அக்கா?"

மெசின் சக்கரத்தைக் கையால் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "அந்தப் பிள்ளைக்கு" என்று வந்துவிட்டது.

"நல்லது" என்றாள். "அம்மா வரப்போறா, வைக்கிறன்."